ஒரு சாட்சியைத் திருத்துகிறேன்



மூன்றாண்டுகளுக்கு முன் லெந்து காலத்து ஞாயிறு ஒன்றில் எனக்கு மாரடைப்பு ஏற்பட்டதையும், அந்த வலியோடே இரண்டு ஆலயங்களில் திருவிருந்து ஆராதனையை நடத்தி முடித்த பின்னரே மருத்துவமனைக்குச் சென்றதையும் உங்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். பிழைத்து வந்தபின் நடந்த ஸ்தோத்திர ஆராதனையில் அதனை நானே சாட்சியாகச் சொன்னேன். வேறு சேகரங்களில் நடந்த கன்வென்ஷன் கூட்டங்களிலும் சொன்னேன். சொல்லச் சொல்ல அதற்கு மெருகேறியது. இந்த வாரத் தியானத்தில் அந்தச் சாட்சியை நான் திருத்த வேண்டியிருக்கிறது. காரணத்தைப் பின்னர் சொல்லுகிறேன். முதலில் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

அன்று காலை ஏழரை மணியளவில், அங்கியை அணிவதற்குச் சற்று முன்னர், நெஞ்சின் நடுவில் ஒரு பாரம் உண்டாயிற்று. வலி என்றுகூடச் சொல்வதற்கில்லை. அம்மிக்கல்லைத் தூக்கி மார்பின்மேல் வைத்தாற்போன்ற அழுத்தம். இடது தோளும் தாடையும் இழுத்துப் பிடித்தன. முந்தின இரவு உண்ட பரோட்டாவின்மேல் பழியைச் சுமத்திவிட்டுச் சீரகத் தண்ணீர் குடித்தேன். என் கழுத்திலும் நெற்றியிலும் வேர்வை வழிவதைக் கண்ட என் துணைவியார், "ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோமே" என்றார். இன்று திருவிருந்து ஞாயிறு என்று பதில் சொன்னேன். பேச்சு அத்துடன் முடிந்தது.

எட்டு மணி ஆராதனை பத்தேகால்வரை நீண்டது. பாத்திரத்தைப் பிடித்த என் கை நடுங்கியதைக் கண்ட சிலர், ஐயா இன்று மிகவும் உருக்கமாக நடத்துகிறார்கள் என்று எண்ணினார்களாம். பின்பு ஒன்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிராமச் சபைக்குக் காரில் சென்றேன். அங்கே முழங்காற்படியிட்டவன், திருமேசையைப் பற்றிக்கொண்டுதான் எழுந்தேன். மருத்துவமனைக்குள் நுழைந்தபோது மணி ஒன்றரை. இடையில் ஆறு மணி நேரம் கழிந்திருந்தது.

அந்த ஆறு மணி நேரத்தை நான் மேடைகளில் விசுவாசத்தின் கணக்கில் எழுதினேன். அதே நேரத்தில் என் மார்புக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அறிய எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் கற்பித்தார்கள், உடற்கூறு கற்பிக்கவில்லை. படுக்கையில் கிடந்த வாரங்களில் வாசித்தும், எனக்கு வைத்தியம் பார்த்த இளம் பெண் மருத்துவரைக் கேள்விகளால் துளைத்தெடுத்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. உடம்புக்கெல்லாம் இரத்தத்தை அனுப்புகிற அந்தத் தசை, தன் அறைகளுக்குள் நிரம்பி ஓடும் இரத்தத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில்லை. அதற்கென்று தனியே சிறு தமனிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் உட்சுவரில் படிந்திருந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொண்டது. எனக்கு அடைபட்டது இதயத்தின் முன்சுவருக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனி.

அடைபட்டவுடனே செல்கள் செத்துவிடுகின்றன என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. இரத்தம் நின்ற ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதி சுருங்குவதை நிறுத்திக்கொள்கிறது. ஆனால் உயிரோடிருக்கிறது. பிராணவாயு இல்லாமலே, கையிருப்பிலுள்ள சர்க்கரையை உடைத்துச் சிறிது காலம் தாக்குப்பிடிக்கிறது. புளித்த அமிலம் உள்ளே சேருகிறது. உப்பையும் நீரையும் வெளியே தள்ளுகிற வேலைக்குப் பலமில்லாமல் செல் வீங்குகிறது. இந்த நிலையில் வழியைத் திறந்துவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். இதற்கு ஏறத்தாழ இருபது முதல் முப்பது நிமிடம் தவணை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எல்லையைத் தாண்டத் தொடங்குகின்றன. செல்லைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு கிழிகிறது. உள்ளே இருக்க வேண்டியவை வெளியே கசிகின்றன. மாரடைப்பு வந்தவருக்கு இரத்தப் பரிசோதனையில் 'ட்ரோபோனின்' என்ற புரதத்தைத் தேடுவது இதனால்தான். அது தசைச் செல்லுக்குள் இருந்து வேலை செய்யும் புரதம்; இரத்தத்தில் மிகுதியாகத் தென்பட்டால் அதன் வீடு இடிந்துவிட்டது என்று பொருள். சவ்வு கிழிந்த செல்லுக்கு எவ்வளவு இரத்தம் கொடுத்தாலும் பயனில்லை. திடீரென்று இரத்தம் பாயும்போது, விளிம்பில் நின்ற செல்களில் சில அந்த வேகத்திலேயே மடிவதும் உண்டாம். எனினும் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரே நேரத்தில் எல்லாம் சாவதில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்திய செய்தி. 1977-இல் அமெரிக்காவில் கீத் ரீமர், ராபர்ட் ஜென்னிங்ஸ் முதலானோர் நாய்களின் இதயத் தமனியைக் குறிப்பிட்ட நேரம் கட்டிவைத்து, பின்பு அவிழ்த்துப் பார்த்தார்கள். நாற்பது நிமிடம் கட்டியபோது, இரத்தம் இழந்த பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மடிந்திருந்தது. மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல். ஆறு மணி நேரத்தில் பெரும்பகுதி. சாவு இதயச் சுவரின் உட்புறத்தில் தொடங்கி, அலைபோல வெளிப்புறம் நோக்கி நகர்ந்தது. மனிதருக்கு மனிதர் வேகம் மாறுபடலாம், திசை இதுவே. அந்தக் கட்டுரையின் செய்தியை மருத்துவர் எனக்கு விளக்கியபோது என் மனம் அதை ஆராதனை முறைமையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. பாவ அறிக்கையின்போது இவ்வளவு தசை உயிரோடிருந்திருக்கும். விசுவாசப் பிரமாணத்தின்போது இவ்வளவு. இரண்டாம் ஆலயத்தில் கடைசிப் பந்தி எழுந்தபோது இவ்வளவு. இந்தக் கணக்கை நான் எந்த மேடையிலும் சொல்லவில்லை.

ஸ்டென்ட் வைத்து இரண்டு நாட்களுக்குப் பின் எக்கோ எடுத்தார்கள். இதயம் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்று அதில் அளக்கிறார்கள். நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு 32. திரையில் மற்றச் சுவர்கள் உள்நோக்கி அசைய, முன்சுவரின் ஒரு பகுதி மட்டும் அசையாமல் நின்றதை நானே கண்டேன். "அது திரும்ப அசையுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அசையாததெல்லாம் செத்ததில்லை ஐயா" என்றார் அவர். "கொஞ்சம் மயங்கிக் கிடக்குது. அது எழுந்துக்கும். செத்தது வராது. எது எதுன்னு மூணு மாசம் கழிச்சுத்தான் சொல்ல முடியும்."

அந்த மூன்று மாதம் நான் ஜெபித்தேன். ஜெபித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன்: எல்லாம் முன்போல் ஆகிவிட வேண்டும் என்று கேட்டேன். மூன்றாம் மாதத்தில் 32 என்பது 40 ஆயிற்று. மயங்கிக் கிடந்தது எழுந்திருந்தது. அதற்காகக் கர்த்தரைத் துதித்தேன், இன்றும் துதிக்கிறேன். 40 என்பது 55 ஆகவில்லை. இன்றளவும் ஆகவில்லை. ஸ்தோத்திர ஆராதனையில் கூடியதைச் சொன்னேன், கூடாததைச் சொல்லவில்லை.

தோல் கிழிந்தால் வளருகிறது. ஈரலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தாலும் மிச்சம் பெருத்து இடத்தை நிரப்புகிறது. இதயத் தசைக்கு அந்தத் தாராளம் இல்லை. இதை அறிந்த விதம் வியப்பானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 மிகுந்தது. 1963-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்தது. ஒரு செல் பிறந்தபோது உலகக் காற்றில் எவ்வளவு கார்பன்-14 இருந்ததோ, அந்த அளவு அதன் மரபணுவில் பதிந்திருக்கும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் இந்தப் பதிவைக் கொண்டு இதயச் செல்களின் வயதைக் கணித்து 2009-இல் வெளியிட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒன்று புதுப்பிக்கப்படுகிறது. எழுபத்தைந்து வயதில் அதில் பாதிக்கும் குறைவு. வாழ்நாள் முழுவதும் சேர்த்தாலும் பாதிச் செல்கள்கூட மாறுவதில்லை. ஒரு பெரிய மாரடைப்பில் நூறு கோடி செல்கள்வரை மடியக்கூடும் என்கிறார்கள். இந்த வேகத்தில் அதனை ஈடுகட்ட முடியாது. கங்கைச் சமவெளியின் ஓடைகளில் வாழும் வரிக்குதிரை மீனுக்கு இதயத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடுகிறது. அந்தச் சிறு மீனின்மேல் எனக்குச் சற்றுப் பொறாமை உண்டு.

மனிதருக்கு அந்த இடத்தில் வடு உண்டாகிறது. இரத்தத்தின் காவல் செல்கள் வந்து மடிந்த தசையை அப்புறப்படுத்துகின்றன. முதல் வாரத்தில் அந்தச் சுவர் மிக மென்மையாகி, சிலருக்குக் கிழிந்துவிடுகிற ஆபத்தும் உண்டு. பின்பு நார்போன்ற புரதம் நெய்யப்பட்டு, ஏறக்குறைய இரண்டு மாதங்களில் வடு உறுதிப்படுகிறது. வடுவைப் பற்றி அழகாகப் பிரசங்கம் செய்யலாம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டிய கைகளிலிருந்து தொடங்கி நானே பலமுறை செய்திருக்கிறேன். என் வடுவைத் திரையில் பார்த்தபின் அந்தப் பிரசங்கத்தில் வேகம் குறைந்துவிட்டது. வடு சுவரைக் கிழியாமல் தாங்குகிறது. ஆனால் துடிப்பதில்லை. அது செய்யாத வேலையை மற்றத் தசை சேர்த்துச் செய்கிறது; செய்து செய்து இதயமே விரிந்து களைத்துப்போகாதிருக்கத்தான் நான் தினமும் மாத்திரைகள் விழுங்குகிறேன். ஆலயத்துப் படிகளில் இப்போது நான் பாதியில் நின்று யாரிடமாவது பேசுவதைக் கவனித்திருப்பீர்கள். அது விசாரிப்பு மட்டுமல்ல.

இனி, இதனை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். நம் பாடகர் குழுவில் பேஸ் பாடுகிற சகோதரர் ஒருவரைக் குறித்து, அவருடைய அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன். கடந்த டிசம்பரில் கீத பவனி சென்ற இரவு, மூன்றாம் வீட்டிலேயே அவருக்கு நெஞ்சு அடைத்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் விடியுமட்டும் பாடியிருக்கிறார். இடையில் வீட்டுக்கு வந்தவரை அவர் மனைவி தடுத்தபோது அவர் சொன்ன வார்த்தை இது: "ஐயா திருவிருந்தையே முடிச்சுட்டுத்தான போனாங்க. நான் பாட்டை விட்டுட்டுப் போகவா?"

அந்த அம்மா இதனை என்னிடம் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. மருத்துவமனை நடைக்கூடத்தில், நான் ஆறுதல் சொல்ல நின்றபோது, என் சாட்சி அவருக்கு எவ்வளவு பலமாயிருந்தது என்று காட்டுவதற்காகச் சொன்னார்கள். நான் ஜெபம் செய்துவிட்டு வெளியே வந்து, காரைத் திறக்காமல் வெகுநேரம் நின்றேன். அவருடைய இதயம் என்னுடையதைவிட அதிகமாய்ச் சேதப்பட்டிருக்கிறது. இப்பொழுது மாடிக்கு ஏறிப் பாடகர் குழுவோடு நிற்க அவரால் முடியவில்லை. கீழே, கடைசி இருக்கையில், உட்கார்ந்தபடி மெல்லப் பாடுகிறார். ஒரு அடியின் பாதியில் மூச்சு முடிந்துவிடுகிறது.

பெரிய வெள்ளிக்குப் பிந்தின வாரத்தில் அவர் வீட்டுக்குச் சென்று, அது விசுவாசமல்ல என்று சொன்னேன். அன்று நான் மருத்துவமனைக்குப் போயிருந்தால் என்ன குறைந்திருக்கும்? சபை ஊழியர் காலை ஆராதனையை நடத்தியிருப்பார்; திருவிருந்து ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும். நான் இல்லாமல் நடக்காது என்ற பெருமையும், மருத்துவர் என்ன சொல்வாரோ என்ற பயமும்தான் என்னை அங்கே நிறுத்தின. பின்னால் அவற்றுக்கு நான் நல்ல பெயர் வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது நான் எடுத்த முடிவு ஐயா, நீங்க எதுக்கு மனசைப் போட்டு அலட்டிக்கிறீங்க" என்றார். மன்னிப்பை நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் தந்துவிட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கையில் மூச்சு வாங்குவதையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

யோவேல் தீர்க்கன் வெட்டுக்கிளிகள் அழித்த வருஷங்களைக் குறித்துச் சொன்ன வாக்குத்தத்தத்தை, இழந்த எதுவும் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு ஆதாரமாக நான் முப்பது ஆண்டுகளாகப் பயன்படுத்தியிருக்கிறேன். அங்கே பேசப்படுவது விளைச்சல். பயிர் போயிற்று, நிலம் இருந்தது, மறுபடி விதைக்க முடிந்தது. நிலமே போன இடங்களைப் பற்றியும் வேதம் பேசுகிறது. ஐம்பத்தோராம் சங்கீதத்தைத் தாவீதின் கண்ணீராகவே நாம் வாசிக்கிறோம். அந்தக் கண்ணீர் மெய்யானது, மன்னிப்பும் மெய்யானது. உரியா அம்மோனியரின் பட்டண மதிலண்டையில் செத்துக் கிடந்ததும் மெய்யே. எந்த மனந்திரும்புதலும் அவனை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரவில்லை. நோய் பாவத்தின் தண்டனை என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது அந்தச் சகோதரரிடம் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். மன்னிக்கப்பட்டதும் திரும்பாததும் ஒரே அதிகாரத்துக்குள் இருக்கக்கூடும் என்பதைத்தான் இந்த வயதில் மறுபடி படிக்கிறேன். கர்த்தர் நினைத்தால் செத்த தசையை எழுப்ப வல்லவர். லாசருவைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. அந்த வல்லமையை நம்பி முப்பது நிமிடத் தவணையை வீணாக்கும்படி அவர் ஒருபோதும் என்னைக் கேட்டதில்லை.

ஆகவே அந்தச் சாட்சியை இனி யாரும் சொல்ல வேண்டாம். வேறு சேகரங்களில் அதைச் சொன்ன இடங்களுக்கு இதன் பிரதியை அனுப்பியிருக்கிறேன். நெஞ்சின் நடுவில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வேர்வை, மூச்சுத் திணறல்: இவை தோன்றினால் சீரகத் தண்ணீர் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் வருவதுண்டு. அருகில் ஸ்டென்ட் வைக்க வசதியில்லாவிட்டால், இரத்த உறைவைக் கரைக்கும் ஊசியாவது போடுவார்கள். அதற்கும் முதல் சில மணி நேரம்தான் சிறந்த நேரம். பொய்யான பயமாக முடிந்தால் ஒரு ஈ.சி.ஜி.யின் செலவோடு போயிற்று.

சென்ற வாரம் சேகரக் கமிட்டியில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆராதனை நேரத்தில் ஆலயத்துக்குள் யாருக்காவது நெஞ்சுவலி கண்டால், குருவானவர் உட்பட, ஆராதனையை அங்கேயே நிறுத்தலாம். கூட்டம் முடிந்தபின் நம் கோவில்பிள்ளை தயங்கித் தயங்கி என் பின்னாலேயே வந்தார்.

"திருவிருந்து நேரத்துலயுமா ஐயா?"

"அப்பவும்தான்."

"அப்பம் பிட்ட பிறகுன்னா?"

"வெள்ளைத் துணியைப் போட்டு மூடிட்டு, முதல்ல என்னை வண்டியில ஏத்துங்க" என்றேன்.